பன்னிரண்டாவது ஆலோசனை

வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும், அதுவரை பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்டாலே தலையைச் சொறிபவர்கள் எல்லாம் உலகம் சுற்றியவர்களாகிவிடுவார்கள். காலர் அக்காவுக்கும் அதுதான் நடந்தது. தென்கிழக்கே, விமானத்தில் நாலரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு நகரத்துக்கு மூன்று மாதம் வேலையாகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஆலோசனை மழைதான்.

அதிலும் கணவனின் அண்ணன் இருக்கிறாரே, அவரைக் கேட்கவே வேண்டாம். பத்து வருடத்துக்கு முன்னால் பம்புசெட் கடைக்காரர்களோடு கூட்டமாக அதே நகரத்துக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவர். நான்கில் மூன்று நாள் வயிறு சரியில்லாமல் ஹோட்டல் அறையிலேயே படுத்திருந்தார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அவர் பெயர் ஃபாரின்காரர்.

"குழாய்த் தண்ணியைத் தொடவே தொடாதே. அதை நான் அனுபவிச்சுச் சொல்றேன்" என்று தொடங்கிப் பதினோரு ஆலோசனை சொன்னார். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். போட்டோ எட்டு காப்பி கையில் வேண்டும். விமான நிலையத்திலேயே சிம் கார்டு வாங்கிவிட வேண்டும். அறை பார்த்தால் மழை பெய்யும்போது போய்ப் பார்க்க வேண்டும். இப்படி. அவர் சொல்லச் சொல்ல மகள் அழகான கையெழுத்தில் எழுதினாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவன் அதை வாங்கிக்கொண்டு போய் லேமினேட் செய்துகொண்டு வந்தான். அவனுக்கு அன்பு வந்தால் ஜெராக்ஸ் எடுப்பான், அன்பு முற்றினால் லேமினேட் செய்துவிடுவான். பாஸ்போர்ட் பன்னிரண்டு காப்பி, விசா பன்னிரண்டு காப்பி, போகிற இடத்து அறையின் விலாசத்தை அந்த ஊர் எழுத்திலேயே கம்பெனி அனுப்பியிருந்ததே, அது முப்பது காப்பி.

"என்னங்க, இது ஒரு எழுத்தும் புரியலையே?"

"புரியாட்டி என்ன? காப்பி எடுக்கலாம்ல?"

சிரித்துக்கொண்டே பெட்டியில் வைத்தாள். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக மெஷினில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைப்பவள் அவள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. கம்பெனி அந்த நகரத்தில் புதிதாகத் திறந்த தொழிற்சாலையில் ஒரு லைனை, அதாவது ஒரு மெஷின் வரிசையில் உட்காரும் ஆட்களை, பழக்கிக் கொடுக்க இதுவரை டை கட்டிய ஆபீசர்களைத்தான் அனுப்பினார்கள். இந்த முறை மேனேஜர் அடம்பிடித்து இவள் பெயரைச் சொன்னார்.

"மெஷின்ல உக்கார்ற ஒருத்தரை அனுப்புறது இதான் முதல் தடவைம்மா. நாப்பது நாளைக்குள்ள ஒரு நாளாவது அந்த லைன்ல அறுநூறு நல்ல சட்டை வரணும். வந்தா மூணு மாசமும் நீங்கதான். வரலைன்னா ஆபீசர் ஒருத்தர் வந்து பொறுப்பு எடுத்துப்பார், நீங்க திரும்பிடணும். அதுக்கப்புறம் தையல்காரங்க யாரையும் அனுப்பச் சொல்லி நான் வாயைத் திறக்க முடியாது."

அவர் சொன்னது மற்ற தையல்காரிகளின் காதுக்கும் போய்விட்டது. கிளம்பும் அன்று எண்பது பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தியும் ஆலோசனை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் கனத்தது.

*

அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, துணி காயப்போட ஒரு கம்பி, எப்போதும் ஈரம் காயாத ஒரு குளியலறை. ஃபாரின்காரர் சொன்னபடி மழை பெய்யும்போது பார்த்தாள், ஜன்னல் ஓரமாக ஒழுகியது, உடனே பக்கத்து அறையை மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் படுத்துக்கொண்டே நிறையக் கவனித்திருக்கிறார். இரண்டாம் நாள் சோப்பு வாங்கப் போனவள் மழையில் தெருவைத் தவறவிட்டு, எல்லாச் சந்தும் ஒரே மாதிரி தெரிய, முழங்கால் தண்ணீரில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். கைப்பையில் துழாவினால் அந்த விலாசக் காப்பி. குடை ரிப்பேர்க்காரர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுக் கையைப் பிடிக்காத குறையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அன்று மாலை போனில் கணவனிடம், "உங்க ஜெராக்ஸ் என்னைக் காப்பாத்திடுச்சுங்க" என்றாள். இன்னும் ஒரு முப்பது காப்பி எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டான். மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை போலிருக்கிறது.

தொழிற்சாலை அறையிலிருந்து பத்து நிமிட நடை. அவள் லைனில் முப்பத்திரண்டு பேர். லைன் லீடர் அவள் வயதுப் பெண்தான். மூக்குக்கண்ணாடியைக் கண்ணில் போடாமல் எப்போதும் தலையில் ஏற்றி வைத்திருப்பாள். இவள் மனதுக்குள் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆங்கிலம் ஒரு நூற்றைம்பது வார்த்தை தேறும். மீதிக்குக் கை இருக்கிறது, துணி இருக்கிறது. ரொம்பச் சிக்கலானால் ஸ்டோர்க்காரர் இருக்கிறார். பட்டனும் நூலும் எடுத்துக் கொடுக்கிற பெரியவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், இளவயதில் ஒரு தமிழர் கடையில் வேலை பார்த்ததால் தமிழும் பேசுவார், ஆனால் நான்கு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

முதல் நாளே காலர் முனை எடுப்பதைக் காட்டினாள். அங்கே எல்லோரும் தைத்த காலரைத் திருப்பியபின் ஊசியால் குத்தி முனையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரமும் போகும், துணியும் பிய்யும். இவள் தைக்கும்போதே இரண்டு துணிக்கும் நடுவில் முனையில் ஒரு நூலைப் போட்டு ஒரு தையல் பிடித்தாள். திருப்பியபின் நூலை மெல்ல இழுத்தாள். காலர் முனை கத்தி மாதிரி வெளியே வந்து நின்றது. முப்பத்திரண்டு பேரும் "ஓ" என்றார்கள். அந்த ஒரு எழுத்துக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

மாலை ஐந்தரைக்கு மணி அடித்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, விமானத்தில் மூன்று முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாள்.

"ஐ கோ அண்ட் கம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் பக்கவாட்டுக் கேட் வழியாக அறைக்கு நடந்தாள். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. தினமும் அதே வாக்கியம், தினமும் அதே தலையாட்டல்.

மூன்றாம் நாள் காலை வாட்ச்மேன் அவளை நிறுத்தி, லைனைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, "லேட், லேட்" என்று கையை விரித்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே ஃபாரின்காரருக்குப் போன் போட்டாள்.

"மாமா, என் லைன் ஆளுங்க எப்படித் தெரியுமா? நான் கிளம்பின பிறகும் உக்காந்து வேலை செய்றாங்களாம். வாட்ச்மேனே சொல்றார்."

"பாத்தியா! நான் சொல்லல? கண்டிப்பா இருந்தா எந்த ஊரும் வழிக்கு வரும்" என்றார் அவர், தானே தைத்துக் கொடுத்த மாதிரி.

ஆனால் சட்டைக்கு இந்தப் பெருமை எதுவும் தெரியவில்லை. முதல் நாள் முந்நூற்று நாற்பது. அப்புறம் முந்நூற்றிருபத்தைந்து. அப்புறம் முந்நூற்றுப் பத்து. எட்டாம் நாள் முந்நூறுக்கும் கீழே போய்விட்டது. காலர் முனை எல்லாம் கத்திதான், ஆனால் கை ஓடவில்லை. காலையில் வரும்போதே ஆட்கள் சோர்ந்து போயிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் இவளைக் கண்டதும் இறுகின. இராப்பகலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மெஷின் சரி, துணி சரி, நூல் சரி. நாற்பதில் எட்டு போய்விட்டது. எண்பது பெண்கள் எழுந்து நின்றது கண்ணுக்குள் வந்து வந்து போனது.

ஒன்பதாம் நாள் மாலை கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். பதினெட்டு வருடமாகக் கூடவே இருக்கும் கத்தரிக்கோல், அதை இன்னொருவர் கையில் விட மனம் வராது. அறையில் டீ போட்டுக் குடித்த பிறகுதான் நினைவு வந்தது, திரும்பி நடந்தாள். தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது மணி ஆறு ஐந்து.

மெஷின் சத்தம் இல்லை. கதவைத் தள்ளினாள்.

முப்பத்திரண்டு பேரும் அவரவர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பை மடியில் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கு காலடியில் இருந்தது. யாரும் எதையும் தைக்கவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் தலை தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கண்ணாடிக்காரி எழுந்தாள்.

"கம்" என்றாள். வந்துவிட்டாய் என்கிற மாதிரி. அடுத்த நொடி எல்லோரும் எழுந்து, அவளுக்கு ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு, மளமளவென்று வெளியேறினார்கள். ஒருத்தி போகிற போக்கில் முணுமுணுத்தது நிச்சயமாக வாழ்த்து இல்லை.

மறுநாள் காலை ஸ்டோர்க்காரரை நடுவில் உட்கார வைத்துப் பேசியபோதுதான் முழுக் கதையும் வந்தது. கண்ணாடிக்காரி கொட்டித் தீர்த்தாள், அவர் சுருக்கிச் சொன்னார்.

"தினமும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறீங்களாம். தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க திரும்பி வரேன்னு சொன்னா எப்படி எழுந்து போறது? ஆறரைக்கு வாட்ச்மேன் கதவைப் பூட்டுற வரைக்கும் உக்காந்திருக்காங்க. ஆளுங்களை ஏத்திட்டுப் போற லாரி அஞ்சே முக்காலுக்குக் கிளம்பிடும். அப்புறம் ஒரு மணி நேரம் நடந்துதான் வீடு. நீங்க ஏதோ சோதனை வைக்கிறீங்கன்னு நினைச்சாங்களாம்."

காலர் அக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஒன்பது நாள். முப்பத்திரண்டு பேர். ஒரு மணி நேர நடை. அதைத்தான் ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்திருக்கிறாள்.

"ஐயோ, அது அப்படியில்லைங்க. எங்க ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோம். யாரை விட்டுக் கிளம்பினாலும் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம்."

"சரி, அப்போ எப்ப வருவீங்க?"

"இப்ப வர மாட்டேன்."

"வரேன்னு சொல்லிட்டு வர மாட்டீங்க?"

"வருவேன். நாளைக்கு. இல்லாட்டி என்னைக்காவது."

ஸ்டோர்க்காரர் மூக்கைத் தடவிக்கொண்டார். அதை அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ, கண்ணாடிக்காரி தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு லைன் முழுக்க ஓடியது. சிரிப்பு அடங்கும் முன்பே இவள் எழுந்து, ஸ்டோர்க்காரர் சொல்லிக்கொடுத்த மன்னிப்பு வார்த்தையை அவர்கள் மொழியிலேயே சொன்னாள். ஒரு தடவை போதாது என்று தோன்றியது. முப்பத்திரண்டு மெஷினுக்கும் நடந்து போய் முப்பத்திரண்டு தடவை சொன்னாள். பாதியில் உச்சரிப்பு சரியாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்டாயிற்று. மாலை என்ன சொல்வது? "ஐ கோ" என்று மட்டும் சொன்னால் முடிந்தது என்றார் ஸ்டோர்க்காரர். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். போறேன் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு ஒரு இடத்திலிருந்து கிளம்ப அவளுக்கு நாக்கு வரவில்லை. சின்ன வயதில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொன்னால் மட்டும் அது வேறு வார்த்தையாகிவிடுமா?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தான் முதலில் கிளம்பினால்தானே சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து ஐந்தரைக்கு மணி அடித்ததும் முன்வாசலில் லாரி அருகே போய் நின்றாள். ஒவ்வொருவராக ஏறுவார்கள், இவள் எண்ணுவாள். அவர்கள் மொழியில் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த லாரியடியில்தான். எண்ணிக்கை தப்பினால் மேலேயிருந்து கூட்டமாகத் திருத்துவார்கள். லாரி கிளம்பிய பிறகுதான் அவள் அறைக்குப் போவாள். யாருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டில் மாமியார் முடியாமல் படுத்திருக்கிறாள், யார் யாரோடு பேச்சு இல்லாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் லாரியில் ஏறும் வரிசையைப் பார்த்தே தெரிந்துபோனது. பேச்சு இல்லாத இரண்டு பேரை அடுத்தடுத்த மெஷினில் போட்டிருந்ததால்தான் சட்டைக் கை மடிக்கிற இடத்தில் துணி தேங்கியது. இடத்தை மாற்றினாள். தேக்கம் போனது.

முந்நூற்றெண்பது. நானூற்று முப்பது. ஐந்நூறு தாண்டிய அன்று யாரோ கரும்பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலர் படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஐந்நூற்று எழுபதில் நான்கு நாள் நகராமல் நின்றது. அப்போது தூக்கமும் நின்றது.

நாற்பதாம் நாள், சட்டை வாங்குகிற கம்பெனியிலிருந்து பரிசோதகர் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம், சிரிப்பு என்பதே கிடையாது. ஒவ்வொரு சட்டையையும் உதறி, காலர் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, வலது பக்கம் போடுவார். பிடிக்காவிட்டால் இடது பக்கம். ஐந்து மணிக்கு வலது பக்கம் ஐந்நூற்று அறுபத்தாறு. பட்டன் மெஷின் ஒன்று சட்டென்று நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் ஓடியது. இவள் காத்திருக்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கையாலேயே பட்டன் தைக்கத் தொடங்கினாள். கண்ணாடிக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். தைக்கும்போது முதல் தடவையாகக் கண்ணாடி கண்ணில் இருந்தது.

ஐந்து இருபத்தாறுக்குப் பரிசோதகர் ஒரு சட்டையை உதறினார். முனையை அழுத்தினார். வலது பக்கம் போட்டார். "சிக்ஸ் ஹண்ட்ரட்" என்றார். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. யாரும் கை தட்டவில்லை, மணி அடிக்கும்வரை தைத்தார்கள். அறுநூற்றெட்டு. அப்புறம்தான் அந்தக் கூரை அதிர்ந்தது.

பரிசோதகர் போகும்போது கையிலிருந்த காலரைக் காட்டி, இது யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். முப்பத்திரண்டு கை அவளைக் காட்டியது. பதினெட்டு வருடத்தில் அவள் தைத்த காலர்கள் எத்தனையோ லட்சம், அவற்றைப் போட்டுக்கொண்டு யார் யாரோ எங்கெங்கோ தலை நிமிர்ந்து நடந்திருப்பார்கள். அன்றைக்கு அவள் நடந்தாள். அறைக்குப் போகிற பத்து நிமிடமும் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. மேனேஜருக்குச் சொன்னாள், அவர் போனை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டார். எண்பது பெண்களின் கூச்சலில் அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டது.

*

மூன்று மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் மறுபடி அழைத்தார். "அடுத்ததா இன்னும் ரெண்டு தையல்காரங்களை அனுப்புறோம்மா. அங்க வந்து தங்குறவங்களுக்கு உபயோகமா நீங்க கொஞ்சம் எழுதிக் கொடுங்க. ஆபீசர் எழுதினது வேண்டாம்."

லேமினேட் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினாள். பிளக் துளை வேறு மாதிரி இருக்கும், அதற்கான அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். சீக்கிரம் காயும் துணி மட்டும் எடுங்கள், அங்கே எதுவும் காயாது. அறை விலாசம் அந்த ஊர் எழுத்தில், முப்பது காப்பி. முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மன்னிப்புக் கேட்க. மாலையில் லாரி போகிறவரை நில்லுங்கள். இப்படிப் பதினொன்று வந்தது. ஃபாரின்காரரைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு என்று எண் போட்டுவிட்டு யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் கார் சரியாக ஐந்தரைக்கு வந்து நின்றது. லாரியடியில் நின்று எண்ண நேரமில்லை. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர்களுக்கு முன்னால் இவள் கிளம்ப வேண்டியிருந்தது. என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவள், எல்லா முகமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனாள். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் தமிழில்.

"போயிட்டு வரேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைத் தாண்டினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பை மடியில் இருந்தது. கண் வாசலில் இருந்தது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான், ஒருவரும் அசையவில்லை. கண்ணாடிக்காரி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இவளைப் பார்த்து, பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள். உதடு துடித்தது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

ஐ கோ என்று சொன்னால் எழுந்துவிடுவார்கள். அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சொல்ல நாக்கு வரவில்லை.

அதனால் திரும்பி நடந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். "வந்துட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எழுந்தார்கள். கண்ணாடிக்காரி முதலில் வந்தாள். ஸ்டோர்க்காரரிடம் எத்தனை நாள் பயிற்சி எடுத்தாளோ, வாயைக் கோணி, ஒவ்வொரு எழுத்தாக, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"போட்டு வாரேன்."

அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள் சொன்னாள். பேச்சு இல்லாமல் இருந்த இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சொன்னார்கள். அவள் அந்த ஊர் மொழியில் எண்ணிக்கொண்டே நின்றாள். முப்பத்திரண்டும் சரியாக இருந்தது. அவர்கள் லாரியில் ஏறிப் போய்விட, காலி மெஷின்களுக்கு நடுவில் அவள் மட்டும் இருந்தாள்.

காரில் ஏறியதும் லேமினேட் தாளை எடுத்தாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணலாகத்தான் வந்தது.

"12. வேலை முடிந்து கிளம்பும்போது அவர்களிடம் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் வந்தாக வேண்டும்."